நகத்தோடு வரும் முடிச்சு

இந்தச் செடியின் வேரிலும் முடிச்சு இருந்தது.

ருக்குமணி மண்ணை உதறிவிட்டுப் பார்த்தாள். கடுகு கடுகாக வேரைக் கவ்விக்கொண்டிருந்தன. நெல்லறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்து. நோய்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். மற்றதுக்குப் பரவிவிடக் கூடாதே என்று வரப்போரம் பூராவும் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

செடியைக் கீழே போட்டுவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முடிச்சு என்று எதைக் கண்டாலும் இப்போதெல்லாம் அவளுக்கு அப்படித்தான்.

உழவர் உதவியகத்து விவசாய ஆபீசர் உஷாராணி ஸ்கூட்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் வந்தாள். கிடந்த செடிகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது! சோறு போடற புள்ளைங்கள வூட்ட வுட்டுத் தொரத்திட்டு நிக்கறியே!"

பிறகு அவளே குந்தி, ஒரு செடியை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். பசியெடுத்தால் வேர் மண்ணுக்குள் எதையோ கசியவிடுமாம். அதுதான் அழைப்பாம். மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவுக்கு மட்டும் அது புரியுமாம். நான்தான் வந்திருக்கிறேன் என்று அதுவும் பதிலுக்குக் கசியவிடுமாம். ஆள் சரிதான் என்று தெரிந்தால் வேரே முடிச்சாகி அதற்கு வீடு கட்டிக் கொடுக்குமாம். வாடகைக்குப் பதில் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுமாம்.

ருக்குமணிக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"கூப்புடாமலே வந்து குந்திக்கற முடிச்சு இருக்குதா மேடம்?"

"ஏன் இல்ல? நூற்புழு முடிச்சு. வேரே வீங்கிப் பூடும். நகத்தால தள்ளிப் பாரு. நல்லதுன்னா நகத்தோட வந்துடும். கெட்டது அசையாது."

ருக்குமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். முடிச்சு கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. உஷாராணி அதை வாங்கிக் கிள்ளிக் காட்டினாள். உள்ளே ரத்தம் போலச் சிவந்திருந்தது.

"உசுரோட வேலை செய்யுது பாரு. உன் உளுந்துக்கு ஒண்ணுமில்ல. போயி நிம்மதியா சோறு துன்னு."

சிரித்துக்கொண்டே அவள் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

ருக்குமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். மண் ஒட்டிய விரலை முந்தானைக்குள் விட்டு, இடது மார்பின் ஓரத்திலிருந்த முடிச்சை அழுத்தித் தள்ளினாள்.

மறுபக்கமிருந்து தள்ளினாள்.

இன்னொரு முறை.

ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பொங்கலிலிருந்து அதைப் பற்றி வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்காதவள், வரப்பில் விழுந்தடித்து ஓடிக்கொண்டே கூப்பிட்டாள்.

"மேடம்! மேடம்! வண்டி ஆஸ்பத்திரி பக்கமா போவுதா?"