சிவப்புப் பொட்டு

“திருடறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும் எரிக். இடம் வலம் மாத்திப் போட்டு மாட்டிக்கிட்டியே!”

டோரீன் கையிலிருந்த ஸ்லைடை, அடியில் விளக்கெரியும் லைட் டேபிளின் மேல் வைத்தாள். தபால்தலை அளவு ஃபிலிமில் ஒரு பழைய சேப்பல் பளிச்சென்று எரிந்தது. வலப்பக்கம் மணிக்கூண்டு. வாசற்படியில், நெற்றியில் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளும் ஒரு பெண். இடித்துத் தள்ளி வருஷக்கணக்காகிவிட்ட சேப்பல் அது.

இதே படத்தைத்தான் எரிக் சற்று முன்பு நூலக வராந்தாவில் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தான். ஆனால் அதில் மணிக்கூண்டு இடப்பக்கம். அடியில் ‘புகைப்படம்: நோரா’ என்று கொட்டை எழுத்து.

தியோடர் என்றல்லவா இருக்க வேண்டும்? தியோடர் அவள் கணவர். பல்கலைக்கழக நூலகத்தின் கலை, கட்டடக்கலைப் படத் தொகுப்பு அவள் பொறுப்பு. அதில் பாதி ஸ்லைடு அவர் எடுத்துக் கொடுத்தது. இன்று சாயந்திரம் துணைவேந்தர் வந்து அந்த அறைக்கே அவர் பெயரைச் சூட்டப் போகிறார்.

எரிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாணவனாக வந்த நாளிலிருந்து அவளுடைய டிபன் பாக்ஸில் பங்கு போட்டவன். அவனுக்கு இங்கே லெக்சரர் வேலை கிடைக்க டீனிடம் போய்க் கெஞ்சியவள் அவள்தான்.

“வாயில என்ன, இட்லியா வச்சிருக்க? யாருடா இந்த நோரா?”

“ஒரு வயசான அம்மா, அக்கா. ஃபிரேசர் டவுன்ல ஒரு ஹோம்ல இருக்காங்க. அவங்கதான் நெகட்டிவ் குடுத்தாங்க.”

“யாரோ குடுத்தாங்க, நீ பேரு போட்டுட்ட. எங்க வீட்டுக்காரர் பனியில நின்னு எடுத்த படம்டா! அந்தப் பொம்பள படியேறி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்னு எத்தன தடவ சொல்லியிருக்காரு. நீயும்தானே கன்னத்துல கை வச்சுக்கிட்டுக் கேட்ட?”

“கேட்டேன்க்கா.”

“அப்புறம் எப்படிடா மனசு வந்துச்சு? இங்க பாரு.” ஸ்லைடு சட்டத்தின் இடது கீழ் மூலையில் இருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் தட்டினாள்.

ஸ்லைடை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் தெரியும். எது நிஜமான இடது, எது வலது என்று ஃபிலிம் சொல்லாது. அந்த இடத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். ஆகவே படம் எடுத்தவரே பொட்டு வைத்துத் தர வேண்டும் என்பது இந்த அறையில் டோரீன் போட்ட சட்டம். பொட்டு இடது கீழ் மூலையில் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தால் படம் நேர்.

“தியோ தன் கையால வச்ச பொட்டு. வேற என்ன சாட்சி வேணும் உனக்கு? வி.சி. வரட்டும், எல்லார் முன்னாடியும் காட்டறேன்.”

எரிக் பதறிப்போய் நிமிர்ந்தான். “வேணாம்க்கா. நான் இப்பவே கழட்டிடறேன். சும்மா விட்டுடுங்க.”

“பயமா இருக்கா?”

“அந்தப் படத்த மாட்டாம இருக்க முடியல. மாட்டினப்புறம் உங்க முகத்தப் பார்க்க முடியல.” அவன் கதவுவரை போய்த் திரும்பினான். “பயம்தான்க்கா. ஆனா எனக்காக இல்ல.”

போய்விட்டான்.

உப்பிட்டவளுக்கு இதுதான் கைம்மாறா? டீனுக்கு அனுப்ப ஸ்லைடை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று டோரீன் உருப்பெருக்கும் லென்ஸை அதன்மேல் வைத்துக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

படியில் நிற்கும் பெண் நெற்றியில் வைத்திருந்தது இடது கை.

இடது கையால் யாராவது சிலுவை போடுவார்களா? சின்ன வயசில் ஒரு தடவை அப்படிப் போட்டதற்கு, கோயிலுக்குள்ளேயே அம்மாவிடம் அடி வாங்கியவள் டோரீன். எத்தனையோ வருஷமாகப் பார்க்கும் படம். மணிக்கூண்டைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். அந்தக் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஸ்லைடைப் புரட்டி வைத்தாள். மணிக்கூண்டு இடப்பக்கம் தாவியது. பெண்ணின் கை வலது கையானது. வராந்தாவில் தொங்கும் படம் அச்சு அசலாக மேஜைமேல் எரிந்தது.

எரிக்கின் படம்தான் நேர். பொட்டுதான் தப்பு.

அங்கே நின்று எடுத்தவருக்கு இடம் வலம் மாறுமா? ஏன், மாறலாமே. பெட்டி பெட்டியாக ஸ்லைடு. உட்கார்ந்து பொட்டு வைத்த மனுஷருக்கு அசதி இருக்காதா? அவள் தன்னையே தேற்றிக்கொண்டு போனை எடுத்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சொல்லு டோர்.” தியோடரின் குரலில் கல்யாண மாப்பிள்ளைக் குஷி. “பொம்மனஹள்ளில டிராஃபிக். கோட்டு கசங்கிடக் கூடாதுன்னு டாக்ஸில விறைப்பா உக்காந்திருக்கேன். வி.சி. வந்தாச்சா?”

“இன்னும் இல்ல. தியோ… அந்த சேப்பல் படம் இருக்கில்ல, சிலுவை போடற பொம்பள? அத நீங்க எடுக்கலையாம். வேற யாரோ எடுத்ததுன்னு இங்க ஒரு பேச்சு.”

சிரிப்பார் என்று நினைத்தாள். இல்லை, கோபப்படுவார். இரண்டில் எது வந்தாலும் அவளுக்குப் போதும்.

போனில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, குஷியெல்லாம் வடிந்த குரலில் அவர் கேட்டார்:

“நோரா இன்னும் உயிரோடவா இருக்கா?”