பாதிவிலை அக்கா கேட்ட நூறு மைல்

சொந்த மாப்பிள்ளையின் வேலைக்கே உலை வைத்துவிட்டாள் என்று மீன் சந்தை முழுக்க ஒரே பேச்சு.

சந்தையில் அவளுக்குப் பாதிவிலை அக்கா என்று பெயர். எதையும் பாதி விலைக்கு அடித்துப் பேசித்தான் வாங்குவாள். விற்கும்போது இரண்டு மடங்கு சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட எல்லை வகுப்பதற்காக அரசாங்கம் ஒரு கூட்டம் போட்டது. கரையிலிருந்து எத்தனை மைலுக்குள் தோண்டக் கூடாது என்று பேச, மீன்காரர்கள் அவளைத்தான் அனுப்பினார்கள்.

ஐம்பது மைல் கிடைத்தால் போதும் என்பது அவள் மனக்கணக்கு. மாப்பிள்ளை வேலை பார்க்கும் கிணறு அறுபதில் இருந்தது. மீனும் பிழைக்கும், மகள் குடும்பமும் பிழைக்கும்.

ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பது என்றா கேட்பாள்?

"நூறு மைல். ஒரு மைல் குறைஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன்" என்று மேசையைத் தட்டினாள்.

"சரிம்மா, நூறு" என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, கொஞ்சம் குறைச்சுக் கேளுங்களேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உத்தரவு வந்தது. மாப்பிள்ளையின் கிணற்றையும் மூடச் சொல்லிவிட்டார்கள்.

மகள் வீட்டுப் படியேற அவளுக்குக் கால் கூசியது. உள்ளே மாப்பிள்ளை, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தை. ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது மாப்பிள்ளை? உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே. அந்த மனுஷன் ஒரு வார்த்தை குறைச்சுக் கேட்டிருக்கக் கூடாதா? பேரம் பேசத் தெரியாத ஆளையெல்லாம் யாரு அதிகாரியாக்குனது?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

"அவரைத் திட்டாதீங்க அத்தை. கூட்டத்துக்கு முன்னாடி எங்களையும் கூப்பிட்டு விசாரிச்சாரு. அறுபதுல கசிஞ்சா எண்ணெய் கரைக்கு வருமான்னு கேட்டாரு. எங்க குழாய் இருக்கிற லட்சணத்துக்குக் கட்டாயம் வரும், நூறைத் தாண்டினாத்தான் நீரோட்டம் வேற பக்கம் இழுத்துட்டுப் போகும்னேன்."

"வேலை போயிடும்னு தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"கரையில வேலையா இல்லை? படகுப் பட்டறையில வரச் சொல்லிட்டாங்க. இனி தினமும் வீட்டுச் சாப்பாடு. உங்க பொண்ணு சமையல், அது ஒண்ணுதான் கவலை."

உள்ளிருந்து ஒரு கரண்டி பறந்து வந்து விழுந்தது.

பாதிவிலை அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. "எல்லாம் சரி. அதுக்காக, நான் கேட்டதை அந்த ஆளு அப்படியே தூக்கிக் குடுத்துடறதா?"

மாப்பிள்ளை சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எங்க அத்தை வருவாங்க, எனக்காக மனசுல ஐம்பதை வச்சுக்கிட்டு வாயில நூறும்பாங்க, பேரம் பேசாம குடுத்துடுங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்."