படத்தின் மேல் டம்ளர்

செய்தி சேனல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குழுவின் அறையில் அன்று இருந்தவர்கள் பேராசிரியை தில்லைக்கரசி, வழக்கறிஞர் அந்தோணிராஜ், தலைவரான நான், புகார் தந்த செண்பகவல்லி. அவள் கணவனின் படத்தைக் காட்டித் திருடன் என்று சொன்னது என் மகனின் சேனல். அந்தப் படத்தை மேசைமேல் வைத்து, “ஆள் மாறிப்போச்சுன்னு செய்தியில ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கய்யா, அவரு வெளிய தலைகாட்டட்டும்,” என்றாள்.

“வாசிக்கட்டும்,” என்றார் பேராசிரியை.

“இன்னைக்கு நாம வாசிக்கச் சொன்னா, நாளைக்கு அரசாங்கம் சொல்லும் மேடம்,” என்றார் வழக்கறிஞர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வம்சத்தில் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. ‘கருத்துச் சுதந்திரம்’ என்று எழுதிப் புகாரைத் தள்ளுபடி செய்தேன். நிமிர்ந்தபோது, செண்பகவல்லி என் காபி டம்ளரை நகர்த்திவிட்டு, படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகன் விவகாரம் என்பதால் நான் முடிவில் கலந்துகொள்ளாமல் எழுந்து வெளியே போய்விட்டதாக ஊரில் சொல்கிறார்கள். போகவில்லை.