வெளியே நில்லுங்க, மாப்பிள்ளை!

பிரசவ அறைக்குள் இருந்தவர்கள் நால்வர்: டாக்டரம்மா, நர்ஸ், மகள், அம்மா. மருமகன் கதவுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று மகள் அலைந்த பிறகு வாய்த்த நாள் அது.

“அய்யோ, என்னால முடியலையே!” என்று அலறினாள் மகள்.

“வாயை மூடுடி! நம்ம வம்சத்துல பிரசவத்துக்கு யாரும் கத்தினதில்ல,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள் அம்மா.

“குழந்தையோட அப்பா உள்ளே வரலாமே,” என்றாள் நர்ஸ்.

“மாப்பிள்ளை ஒரு அடி உள்ளே வைக்கக் கூடாது! குடும்ப மானம் என்னாகிறது?”

“நான் வரல அத்தே!” என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை முக்குங்க,” என்றார் டாக்டரம்மா.

வீலென்று அழுதபடி பெண் குழந்தை பிறந்தது. மகள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்தும் அழுதும் அறை முழுக்கக் குதித்தாள்.

“மெதுவாடி, கீழே போட்டுடாதே! பத்து மாசம் சுமந்தவ நானு,” என்று கட்டிலில் கிடந்தபடியே அதட்டினாள் அம்மா. மகளும் மருமகனும் கொடுத்த கருவைத் தன் வயிற்றில் வளர்த்துப் பெற்றவள் அவள்தான்.

ஐம்பத்தொரு வயதில் அந்த அம்மாள் பிள்ளை பெற்றதாகத் தெருவில் பேச்சு அடிபடுகிறது. சுத்தப் பொய். அவள் பெற்றது பேத்தி.