பீரோவில் பூட்டிய கச்சேரி

"வண்டியூர்த் தெப்பத் திருவிழாக் கச்சேரி கேசட், உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. யாருக்கும் தர மாட்டேன்!"

இருபத்தைந்து வருடமாக வெங்கட்ரமணன் அடிக்கும் பெருமை இது.

"இப்ப நெட்டுல சும்மாவே கெடைக்குதே" என்று நண்பர் சாய்ராம் கம்ப்யூட்டரைத் தட்டினார். "பாடுறது யாருன்னுதான் போடலை."

அதே கச்சேரிதான். நடுவில், அன்று டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்துப் பதிவு செய்த வெங்கட்ரமணனின் இருமல்கூடக் கேட்டது!

வீட்டுக்கு ஓடி மனைவியிடம் கத்தினார்.

"வாலாம்பா! பீரோவைத் திறந்து என் கேசட்டை எடுத்தது யாரு?"

"நான்தான். நெட் சென்டர்ல குடுத்து ஏத்தச் சொன்னேன்."

"யாரைக் கேட்டுண்டு?"

"யாரைக் கேக்கணும்? அன்னிக்குப் பாடினவளே நான்தானே! கல்யாணத்துக்கு அப்புறமும் பாட விட்டிருந்தேள்னா, அந்த ஒரு கேசட்டோட நின்னிருக்காது."