இது நீங்கள் வாங்கியதா?

"வாங்கலைன்னு சொல்லுங்க!" என்றாள் மனைவி.

ஜெராக்ஸ் கடைக்காரர் ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளை முறைத்தார். "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கியா?"

லைனில் பேங்க்கிலிருந்து ஒரு பெண். அவர் கணக்கிலேயே மகளுக்கென்று வாங்கிக் கொடுத்திருந்த இன்னொரு கிரெடிட் கார்டை, இப்போதுதான் ஏதோ ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் தேய்த்திருக்கிறார்களாம். இதுவரை தேய்க்காத கடை, வழக்கத்தைவிடப் பெரிய பில். அதனால் பணத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"கார்டு திருடு போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம் சார். இது நீங்க வாங்கினதுதானா? ஆமான்னா உடனே விட்டுடறோம். இல்லைன்னா கார்டை நிறுத்திடறோம்."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தியிருந்தார்.

"இதுக்கு எதுக்கு ஒரு நிமிஷம்? இல்லைன்னு சொல்லிட்டு வைங்க." ஸ்பைரல் பைண்டிங் கம்பியை ஓட்டைகளில் கோத்துக்கொண்டே மனைவி சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அடிப்பாவி, நம்ம பொண்ணுடி! அங்க கவுன்ட்டர்ல நின்னுட்டிருக்கா. நாலு பேர் பார்க்க கார்டு போகலைன்னா எவ்வளவு அவமானம்?"

"நிக்கட்டும்."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

மூன்று வருஷமாகிறது. வெளியூர் வேலை கிடைத்துப் பெட்டியோடு நின்ற மகளிடம், "போனா அப்படியே போயிடு, இனிமே என்கிட்ட பேசாதே" என்று கத்தியவள் இவள்தான். கோபத்தில் எந்த அம்மாதான் கத்தவில்லை? ஆனால் மகளுக்கும் அம்மாவின் அதே பிடிவாதம். பேசாதே என்றாயா, சரி, பேசவில்லை போ. நம்பரையும் மாற்றிக்கொண்டாள். நடுவில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜெராக்ஸ் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பா மேலும் அவளுக்குக் கோபம்.

கார்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. எப்போதாவது தேய்ப்பாள். சின்னச் சின்ன பில். கடைக்காரரின் ஃபோனில் 'டிங்' என்று மெசேஜ் வந்து விழும்.

அதை வைத்துத்தான் மனிதர் ஓட்டிக்கொண்டிருந்தார். செருப்புக் கடை என்றால், "நிறைய நடக்கறா போல." குடைக் கடை என்றால், "அங்க மழை போல." மருந்துக் கடை என்று வந்துவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூராவும் புலம்பல்தான். மனைவி ஒரு தரம்கூட, எங்கே காட்டுங்க என்று கேட்டதில்லை.

"கண்ணாடிக் கடையாம்டி." என்றார் அவர். "இந்த வயசுல கண்ணுக்கு என்ன வந்துச்சு அவளுக்கு?"

"படுத்துக்கிட்டே படிச்சா வேற என்ன வரும்? தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" பட்டென்று சொல்லிவிட்டாள். கம்பி ஓட்டையில் ஏறாமல் வழுக்கியது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா, இருக்கேன்." மறுபடி பொத்தினார். "இதோ பாரு, அவ கை நிறைய சம்பாதிக்கறா. இந்தக் கார்டு இல்லைன்னா அவளுக்கு ஓடாதா என்ன? வேணும்னேதான் தேய்க்கறா. நல்லா இருக்கேன்பான்னு எனக்குச் சொல்றா. நானும் பில்லைக் கட்டி, சரிம்மாங்கறேன். அதையும் கெடுக்கணுமா? உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

மனைவி கம்பியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஜெராக்ஸ் மிஷினை அணைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். கடைக் கதவையும் சாத்திவிட்டு வந்தாள். தெருச் சத்தம் அடங்கிப் போயிற்று.

"என்ன பண்றே நீ?"

"போன மாசம் குடைக் கடை. அதுக்கு முன்னாடி மருந்துக் கடை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நீங்க குளிக்கப் போறப்பல்லாம் ஃபோனை எடுத்துப் பார்க்கறவதான் நான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு 'டிங்' போதும். அவளுக்கு நீங்க பில்லு கட்டினாப் போதும். அப்பாவும் பொண்ணும் இப்படியே ஊமைப் பாஷை பேசிக் காலத்தை ஓட்டிடுவீங்க. எனக்குப் போதாதுங்க. எனக்கு அவ குரல் வேணும்."

"அதுக்கு?"

"கார்டு போயிட்டே இருந்தா அவ எதுக்குங்க நமக்கு ஃபோன் பண்ணப் போறா? ஒரே ஒரு தடவை போகாம இருக்கட்டும். 'ஏம்பா நிறுத்தினே, அம்மா சொன்னாளா'ன்னு சண்டை போடவாவது கூப்பிடுவா இல்ல? என்னைத் திட்டட்டுமே. திட்டினாலும் அவ குரல்தானே?"

கடைக்காரர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒழுங்காக பில் கட்டியவருக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை.

"கண்ணாடிக்கு என்ன பண்ணுவா?" என்றார் மெல்ல.

"கூப்பிடட்டும். நானே கூட்டிட்டுப் போய் வாங்கித் தரேன்."

அவர் ஃபோனிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லம்மா. இதை நாங்க வாங்கலை. நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டேன் சார். நல்ல வேளை, உஷாரா இருந்தீங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"ஒண்ணும் வேணாம், சீக்கிரம் லைனை விடும்மா" என்றார் அவர். "எங்களுக்கு ஒரு ஃபோன் வரணும்."