பால் எட்டிப் பார்த்த வலைத்தளம்

போன தை வெள்ளியன்று என் மூத்த மகள் மங்கையர்க்கரசி அடுப்பைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்ன கதை இது.

சாமிக்குப் பாயசம் வைக்க அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாய்ந்திருந்த போன் அதைக் கூப்பிட்டது.

“பாலக்கா, ஊர் ஊராக மழைச் சத்தம் கேட்க ஒரு வலைத்தளம் இருக்கு. இன்னொன்றில் பூனைகள் கொட்டாவி விடுவது மட்டும்தான்.”

“அக்கா, அசையாதே. சாமிக்கு வேற பால் இல்லை,” என்றது கரண்டி.

“சும்மா இருடா நெட்டைக்காலா. பூனை கொட்டாவியை ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன்,” என்று பால் மெல்ல எழும்பி எட்டிப் பார்த்தது. பார்த்தபடியே வழிந்து அடுப்பை அணைத்தது.

“கவலைப்படாதே, வழிந்த பாலைத் துடைக்கவும் ஒரு தளம் இருக்கு,” என்றது போன்.

அன்று சாமிக்கு வெறும் கற்கண்டுதான்.

நீயும் அப்படி வேடிக்கையான வலைத்தளம் ஏதாவது பார்த்தால் எனக்கு அனுப்பு கண்ணு. பால் காய்ச்சுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.